பக்கத்து வீட்டு உரல்

மூன்றாம் லயம், 14ஆம் வீடு,
புக்கிட் தெராத்தாய் தோட்டம்,
லிங்கி வழி, மலாயா.
8.2.1953

அன்புள்ள மச்சான் சந்திரனுக்கு,

முருகையா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை நீலாவதியும் இங்கு நலம். உன் நலமும், உன் வீட்டுக்காரி தங்கச்சி ராக்கம்மா, பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். நலம் என்று எழுதியது கடிதத்துக்காகத்தான். மேலே படித்தால் உனக்கே தெரியும்.

எங்களை வேலிக்குள் கொண்டுவந்து ஐந்து மாதம் ஆகிறது. மேல் டிவிஷனில் காட்டோரம் இருந்த வீடுகளை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மூன்று டிவிஷன் சனத்தையும் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் அடைத்துச் சுற்றிலும் முள்கம்பி கட்டியிருக்கிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமாம். எங்களுக்கே வாரக் கடைசியில் மரவள்ளிக் கிழங்குதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் கேட் திறந்தால் வேலைக்கு ஓட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். மாட்டைக் கட்டுவதைப்போல எண்ணிப் பார்த்துக் கேட்டைச் சாத்துகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்தப் புது லயத்து வரிசை வீட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. அவசரத்தில் கட்டியது. நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் ஒருவன் தும்மினால் பத்தாம் வீட்டில் ஒருத்தி 'நூறு' என்பாள். எங்களுக்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரன் தங்கராஜு. கீழ் டிவிஷனில் ரப்பர் பால் வெட்டினவன், உனக்குத் தெரிந்திருக்காது. ஆள் நல்லவன்தான், ஆனால் ஒரு காது மந்தம். அதனால் பக்கத்தில் இருப்பவனிடமும் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனிடம் பேசுவதைப்போலத்தான் பேசுவான். ஐந்து பிள்ளைகள். ஒரு சேவல். அந்தச் சேவலுக்கும் காது மந்தம்போல, விடிந்தது தெரியாமல் நாள் முழுவதும் கூவுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே அவன் பெண்சாதி மயிலம்மாளின் உரல். வேலை விட்டு வந்து குளித்த கையோடு உலக்கையை எடுத்துவிடுவாள். புட்டு, இடியாப்பம் செய்து காலையில் லயத்தில் விற்கிறாள். தொம், தொம் என்று அவள் இடிக்கும்போது எங்கள் வீட்டுத் தட்டுகள் பலகையில் நடக்கும். ஒருநாள் என் சவரக் கண்ணாடி தானாகக் கீழே விழுந்து உடைந்தது.

நீலாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன் மச்சான். போன வருஷம் அவள் வேலைக்குப் போன லாரியைக் காட்டோரத்தில் மறித்துச் சுட்டார்களே, அன்றிலிருந்து ஏதாவது 'டம்' என்று கேட்டால் அவள் உடம்பு உதறிப்போகிறது. அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண் இவள் மடியிலேதானே சாய்ந்தாள். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். இப்போது ஆறாம் மாதம். தோட்டத்து ஆஸ்பத்திரி ஆம்புரோஸ் டிரெஸ்ஸர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் கிடையாது, சத்தம் இல்லாத இடத்தில் நாலு நாள் கொண்டுபோய் வைத்திருங்கள், இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் தங்குமா என்பது சந்தேகம் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஒரு யோசனை தோன்றியது. போர்டிக்சன் கடற்கரையில் துரைமார் பிள்ளைகள் கூடாரம் அடித்துத் தங்கி விடுமுறை கொண்டாடுகிறார்கள் என்று நீதானே முன்பு எழுதினாய். அவர்களுக்கு மட்டும்தான் கடல் சொந்தமா? இப்போது ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது. பால் பாதிதான். நான் ரப்பர் ஷீட் அடிக்கும் இஸ்தோர் கொட்டகையில் வேலை குறைவு, மூன்று நாள் லீவு கேட்டால் கொடுப்பார்கள். லாரி டிரைவரிடம் பழைய கித்தான் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். கம்பு நட்டுக் கட்டினால் கூடாரம். நீ பங்களாவில் தோட்ட வேலை பார்ப்பவன், கரையெல்லாம் உனக்கு அத்துப்படி. சத்தமில்லாத இடமாக ஒன்று பார்த்து எழுது.

வளைகாப்புக்கு உன்னால் வரமுடியாது, வேலிக்குள் வரப் போலீஸ் பாஸ் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். தாய் வீட்டார் செய்ய வேண்டியதை அண்ணன் செய்யவில்லையே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. அரிசிக்கே வழி இல்லாத காலத்தில் யார் வளையல் போடுவது, யார் பலகாரம் சுடுவது? அதெல்லாம் வேண்டாம் என்று நீலாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும்
முருகையா

⁂

22.2.1953

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடம் தேடி அலைந்திருக்கிறாய். நீலாவிடம் படித்துக் காட்டினேன். அண்ணன் எழுத்து இன்னும் கோழி கிளறினதுமாதிரிதான் இருக்கிறது என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிறது தெரியுமா?

நீ எழுதிய இடங்களைப் பற்றி என் தீர்ப்பு. பட்டாளத்து முகாமுக்குப் பக்கத்துக் கரை வேண்டவே வேண்டாம். அங்கே காலையில் துப்பாக்கி சுட்டுப் பழகுவார்கள் என்று நீயே எழுதிவிட்டு, மற்ற நேரம் அமைதி என்றும் எழுதியிருக்கிறாய். நல்ல அண்ணன்! ஏழாவது மைலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ரேடியோவும் பந்துமாக வருகிறார்கள், அதுவும் வேண்டாம். லிங்கி ஆற்று முகத்தில் கொசுவைத் தவிர வேறு சத்தம் இல்லை என்கிறாய். ஆனால் அங்கே பொழுது சாய்ந்து நின்றால் கேள்வி கேட்காமல் சுடுவார்களாம். நாலாவது சொன்னாய் பார், உன் பங்களாவுக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்கு அடியில், கிணற்றோரம். துரை சீமைக்குப் போயிருக்கிறார், ஏப்ரல் வரை வரமாட்டார். அதுதான் இடம். கடல் சத்தம் கேட்குமே பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறாய். கடல் சத்தமும் ஒரு சத்தமா? அது உரல் குத்தாது.

அரிசி நீதான் போட வேண்டும். வேலியை விட்டு ஒரு கைப்பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கவே ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். பால் டின் வாங்கினால் கடைக்காரனே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறான், காட்டுக்குப் போய்ச் சேரக்கூடாதாம். போன வாரம் ஒருவன் மத்தியானச் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். பழைய சோறு, நீ நம்புவாயா? மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள்.

பாஸ் கேட்கக் கேட்டில் இருக்கும் போலீஸ் சார்ஜனிடம் போனேன். நம் ஆள்தான், தமிழ் பேசுகிறவர். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று மனுவாகவே எழுதிக்கொண்டு போனேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே கையெழுத்தில் முத்து முத்தாக எழுதினேன். அவர் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காட்டுல கூடாரம் அடிக்கிறவன புடிக்கத்தான்யா கவுர்மெண்டு எனக்குச் சம்பளம் கொடுக்குது. நீ கூடாரம் அடிக்க என்கிட்டயே பாஸ் கேக்குறியே, இது நல்லா இருக்கேலா!" என்றார். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் போலீசுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். அவரும் சிரித்தார். மனுவை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கேட்டைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே தொம் தொம். இப்போது முன்பைவிட மோசம். இரண்டு உலக்கை. வேறு வீட்டுப் பெண்களும் வந்து கதவைச் சாத்திக்கொண்டு இடிக்கிறார்கள், நடுநடுவே குசுகுசு என்று பேச்சு, பிறகு சிரிப்பு. நான் போய்ச் சத்தம் போடப்போனேன். நீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பத்து நாளுதானே, விடுங்களேன்" என்றாள். பத்து நாளில் என்ன, மயிலம்மாளின் கை ஒடிந்துவிடுமா என்று கேட்டேன். பயந்த சுபாவம் அவளுக்கு, யாரையும் பகைத்துக்கொள்ளப் பிடிக்காது.

இனி ஒரு வேடிக்கை. போன செவ்வாய்க்கிழமை யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். போலீசும் பட்டாளமும் வீடு வீடாக வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். காட்டுக்காரர்களைப் பற்றியோ, அவர்களுக்கு உதவுகிறவர்களைப் பற்றியோ தெரிந்ததை எல்லாம் எழுதலாமாம். பேர் போட வேண்டாம். பிறகு பூட்டுப் போட்ட பெட்டியைக் கொண்டுவருவார்கள், எல்லாரும் தாளை மடித்து அதில் போட வேண்டும். எழுதினவனும் எழுதாதவனும் போட வேண்டும், அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று தெரியாது. பெட்டியைப் பெரிய அதிகாரிதான் திறந்து படிப்பார் என்றார்கள்.

காட்டுக்காரர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தாள் சும்மாதான் இருந்தது. ஆனால் மச்சான், உரல் சத்தத்தைப் பற்றி வேலை வாங்கும் மண்டோரிடம் சொன்னேன், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய அதிகாரி படிப்பார் என்றதும் கை ஊறியது. பக்கத்து 15ஆம் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் ஆனால் அங்கே ஆள் கூடுகிறது, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், உரல் ஓய்வதில்லை, இத்தனை மாவு யாருக்கு என்று விசாரித்தால் நல்லது என்று எழுதினேன். அதிகாரி ஒரு தடவை வந்து அதட்டிவிட்டுப் போனால் போதும், மயிலம்மாள் உலக்கையைக் கீழே வைத்துவிடுவாள். நீலாவிடம் சொல்லவில்லை. நீயும் எழுதிவிடாதே. அவள் என்னைத் திட்டுவாள்.

பாஸ் கிடைத்தால் உடனே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
முருகையா

⁂

10.3.1953

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். பாஸ் கிடைத்துவிட்டது. எனக்கும் நீலாவுக்கும் மூன்று நாள். வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் இப்படிப் பாஸ் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. கித்தானைக் கேட்டில் விரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்களாம்.

இங்கே சத்தம் நின்றுவிட்டது. போன வாரம் தங்கராஜுவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் எங்கள் எல்லாரையும் பந்துத் திடலில் குந்த வைத்துவிட்டு வீட்டைச் சோதனை போட்டார்கள். பதினொரு கட்டி, பதினாலு ராத்தலுக்கு மேல், மாவு இருந்ததாம், தராசு வைத்து நிறுத்தார்கள். அவர்கள் ரேஷன் கூப்பனுக்கு அவ்வளவு அரிசி வராது, மிச்சம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார்கள். தங்கராஜு வாயைத் திறக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று மறுபடியும் கத்திக் கேட்டார்கள். அப்போதும் பேசவில்லை. மயிலம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான், அவளும் அடங்கிவிட்டாள். லாரியில் ஏற்றினார்கள். உரலையும் உலக்கைகளையும் சாட்சிக்கென்று கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெட்டியில் நூற்று இருபது தாள் விழுந்திருக்கும். யார் என்ன எழுதினார்களோ, யாருக்குத் தெரியும்? ஒரு தாளினால் இவ்வளவும் நடக்காது. நீயும் ஏதாவது கற்பனை செய்துகொள்ளாதே.

மயிலம்மாளுக்கு வேலை நின்றது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நேற்று பிள்ளைகளோடு அவள் அக்காள் இருக்கும் தோட்டத்துக்குப் போய்விட்டாள். போகும்போது நீலாவைக் கூப்பிட்டுக் கையில் இரண்டு கண்ணாடி வளையல் போட்டுவிட்டுப் போனாள். என்னையும் பார்த்து, "வர்றேன் தம்பி, பொண்ண பாத்துக்குங்க" என்றாள். சேவலைக் கொண்டுபோக விடவில்லை. அது எங்கள் வாசலிலேயே நிற்கிறது. இப்போது கூவுவதும் இல்லை.

நீலாவுக்கு உதறல் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் பலகைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறாள். கடற்காற்று பட்டால் சரியாகிவிடும். நீ கிணற்றோரம் இடத்தைக் கூட்டி வை.

இப்படிக்கு,
முருகையா

⁂

29.3.1953

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ எழுதியதைப் படித்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, நான் வரவில்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்று நீலா சொன்னாள். நான் மறுபேச்சுப் பேசாமல் கித்தானைச் சுருட்டிக்கொண்டு தனியாகப் போனேன். ஏன் என்று அவளிடம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை, நீயாவது சொல், அடித்தாயா, வேறு ஏதாவதா என்று கேட்டிருக்கிறாய். அடிக்கவில்லை மச்சான். அடித்திருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. நீ மீன் கொண்டுவந்தாய். ராக்கம்மா நீலாவின் தலைக்கு எண்ணெய் வைத்தாள். நான் கட்டின கூடாரத்தைப் பார்த்து, வண்ணான் துணி காயப்போட்டமாதிரி இருக்கிறது என்று நீ கேலி செய்தாய். நானும் சிரித்தேன். நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் நீ வேலையாகப் போயிருந்தாய். சவுக்கு மரத்தடியில் நாங்கள் இருவர்தான். கடலும் வற்றி வெகு தூரம் போயிருந்தது. சத்தமே இல்லை. இதைத்தானே கேட்டேன் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நீலா கையிலிருந்த இரண்டு வளையலையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகப் பேச ஆரம்பித்தாள்.

அந்த மாவு அவளுடைய வளைகாப்புக்காம். நான் வேண்டாம் என்று சொன்னதைப் பலகைச் சுவருக்கு அப்பால் மயிலம்மாள் கேட்டிருக்கிறாள். அந்தச் சுவரில் எங்கள் சத்தமும்தான் அந்தப் பக்கம் போகும், அதை நான் என்றைக்கு யோசித்தேன்? இரண்டு பிள்ளை போனவளுக்கு மூன்றாவதுக்கு வளையல் போடாமல் விடக்கூடாது, தாய் வீட்டிலிருந்து வரமுடியாவிட்டால் நான்தான் தாய் வீடு என்று அவள் சொல்லியிருக்கிறாள். உன் இடத்தில் நின்று, நீ செய்ய வேண்டியதைச் செய்யப் பார்த்திருக்கிறாள் மச்சான். ஏழு வீட்டுப் பெண்கள் தங்கள் கூப்பன் அரிசியில் வாரம் ஒரு குவளை ஒதுக்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஆம்பிளைகளுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு இடித்தார்கள். எங்கள் வீட்டு அரிசியும் அதில் இருந்தது. வாரக் கடைசியில் நான் கிழங்கு தின்றது அதனால்தான். பத்து நாளுதானே என்று நீலா சொன்ன பத்து நாளும் அதுதான்.

லாரிப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது தங்கராஜு ஏன் வாயைத் திறக்கவில்லை தெரியுமா? அரிசியை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதே இப்போது குற்றம். சொன்னால் ஏழு வீட்டையும் ஏற்றுவார்கள். அதில் ஒரு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. அந்த மனுஷனுக்குக் காது மந்தம் என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! கேட்க வேண்டியது அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

எல்லாம் சொல்லிவிட்டு நீலா கேட்டாள், வேறு யாருக்கும் கிடைக்காத பாஸ் நமக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று. நான் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அன்றைக்கு சார்ஜன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று கூடாரம் அடிக்கப் பாஸ் கேட்டு நான் எழுதின மனு. இன்னொன்று நான் பெட்டியில் போட்டு, பெரிய அதிகாரியிடமிருந்து விசாரணைக்கு அவரிடம் வந்த தாள். இரண்டிலும் அதே முத்து முத்தான கையெழுத்து. அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். "பேரு போடலன்னாலும் நல்லவங்கள எங்களுக்குத் தெரியும்யா. போய் மூணு நாள் நல்லா இருந்துட்டு வாங்க" என்று பாஸைக் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். தங்கராஜு போய் நாலாவது நாள் அது. வாங்கிக்கொண்டேன் மச்சான்.

இதைத்தான் நீலாவிடம் சொன்னேன். அவளுக்காகத்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, நான் உங்களை எழுதச் சொன்னேனா என்று மட்டும் கேட்டாள். உண்மையைச் சொன்னால், உரல் சத்தத்துக்கு அவள் ஒருநாளும் உதறியதில்லை. லாரி சத்தத்துக்கு உதறுவாள், கதவு அடித்தால் உதறுவாள். உரல் இடிக்கும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அதை வலி என்று எடுத்துக்கொண்டேன். சத்தம் பொறுக்காதவன் நான்தான். அவளைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது. நான் அடுத்த வீட்டைக் கெடுத்தேன்.

திரும்பி வந்ததும் சும்மா இருக்கவில்லை. கிராணியிடம் போய், அந்த மாவில் எங்கள் அரிசியும் இருந்தது, அது காட்டுக்குப் போகவில்லை, வளைகாப்புக்கு இடித்தது என்று சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "வாய மூடுய்யா. இப்ப போனது ஒரு வீடு. நீ பேசினா அரிசி கொடுத்த வீடெல்லாம் போவும். அவன் அடி வாங்கிட்டுப் பேசாம இருக்கறது எதுக்குன்னு நெனைக்கிற?" என்றார். அப்படியும் சார்ஜனிடம் போனேன். தாளைத் திருப்பிக் கொடுங்கள், அதில் எழுதியது தப்பு என்றேன். பேர் போடாத தாளை யார் வந்து திருப்பிக் கேட்க முடியும் என்று அவர் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னொரு தடவை இந்தப் பேச்சு எடுத்தால் உன்னையும் சேர்த்து விசாரிக்க வேண்டிவரும், உன் பெண்சாதியையும் கூப்பிடுவோம் என்றார். அவள் பேச்சை எடுத்ததும் திரும்பி வந்துவிட்டேன். அவளைச் சாக்காக வைப்பது இது இரண்டாம் தடவை.

தங்கராஜுவைச் சிரம்பானிலிருந்து எங்கோ தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. எந்த ஊர் மச்சான்? இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன் அவன். அங்கே அவனுக்கு ஒரு வாசல் தெரியுமா? உன் பங்களா துரை வந்தபிறகு, அவன் எந்த முகாமில் இருக்கிறான் என்று எப்படியாவது கேட்டுப் பார். கேட்டு என்ன ஆகப்போகிறது என்றால், ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரியும். இருந்தாலும் கேள்.

தாளில் எழுதியது நான் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. எல்லாரும் என்னிடம் நன்றாகப் பேசுகிறார்கள். பெண்சாதி இல்லாமல் கஷ்டப்படுகிறேன் என்று அந்த ஏழு வீட்டில் ஒரு வீட்டுக்காரி குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறாள். நான் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

டிரெஸ்ஸரிடம் சொல்லி, நீலா பிரசவம் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று கடிதம் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். போலீசில் காட்டினால் தொந்தரவு செய்யமாட்டார்கள். அவளுடைய இரண்டு சேலையும், அவள் தைத்து வைத்திருந்த துணிகளும் டிரைவரிடம் மூட்டையாக இருக்கின்றன. அவள் கையிலிருக்கும் அந்த இரண்டு வளையலை யாரும் கழற்றச் சொல்ல வேண்டாம். மயிலம்மாள் அவற்றைப் போட்டுவிடும்போது, "சடங்கு இல்லாட்டி என்னா, உள்ள இருக்கற புள்ள சத்தம் கேக்கட்டும்" என்றாளாம். ராக்கம்மாவிடம் சொல்லி இன்னும் நாலு வாங்கிப் போடச் சொல். வளையல் போட நீ இருக்கிறாய், அந்த மட்டும் சந்தோஷம்.

அவளைத் திருப்பி அனுப்பு என்று நான் கேட்கவில்லை. எனக்காக அவளிடம் பேசு என்றும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டாம். 15ஆம் வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. இந்தப் பக்கமும் சத்தமில்லை, அந்தப் பக்கமும் சத்தமில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

வைகாசியில் நாள் என்றார் டிரெஸ்ஸர். முத்துமாரி தாயும் பிள்ளையும் வேறாக்கி, இருவரையும் உன் வீட்டில் நல்லபடி வைக்கட்டும். ஆணா பெண்ணா என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அது என் தகுதிக்கு மேல். பிறந்ததும் அழுததா, சுவருக்கு அப்பால் கேட்கும்படி பலமாக அழுததா என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு மச்சான்.

இப்படிக்கு,
முருகையா